கோர்ட் படியேறியவன் இன்சூரன்ஸ் லைசென்ஸ் வாங்க முடியுமா?

மூன்றாமாண்டு ஆட்டோமொபைல் மாணவன்



மலருக்குக் கட்டுரை கேட்டு வந்த மாணவர் பேரவைச் செயலாளரிடம் "டீசல் எஞ்சின் பற்றி எழுதித் தருகிறேன்" என்றேன். டீசல் எஞ்சினுக்கு ஏற்கெனவே மூன்று பேர், மின்சாரக் காருக்கு ஐந்து பேர் கொடுத்துவிட்டார்களாம். (நம் துறையில் இத்தனை எழுத்தாளர்கள் இருப்பது வைவா நாளில் மட்டும் தெரிவதில்லை!) ஆகவே யாரும் எழுத வாய்ப்பில்லாத, ஆனால் கடந்த ஒன்றரை வருடமாக நான் படித்துக் கொண்டிருக்கும் ஒரு பாடத்தை எழுதுகிறேன். சிலபஸில் இல்லாத பாடம். தலைப்பைப் பார்த்துவிட்டு "இது நமக்கு எதுக்கு?" என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். பஸ் தினக் கேஸ், அடிதடிக் கேஸ் என்று ஸ்டேஷன் வாசலை மிதித்தவர்கள் நம் ஹாஸ்டலிலேயே உண்டு. அவர்களில் பாதிப் பேர் "இனிமே நமக்கு எந்த வேலையும் கிடைக்காதுடா" என்று முடிவு கட்டிவிட்டுத் திரிகிறார்கள். அந்த முடிவு எவ்வளவு தூரம் தப்பு என்பதற்காகவாவது படியுங்கள்.

வகுப்பில் நீங்கள் எல்லோரும் என்னை "அண்ணா" என்று கூப்பிடுகிறீர்கள். எனக்கு வயது 26. "ஏன்ணா இவ்வளவு லேட்டா சேர்ந்தீங்க?" என்று கேட்கும்போதெல்லாம் "வீட்டுக் கஷ்டம்" என்று சொல்லித் தப்பித்திருக்கிறேன். பாதி உண்மை. மீதிப் பாதி கீழே வருகிறது.

பட்டறையில் பார்த்த மனிதர்

சென்ற ஆண்டு தொழிற்பயிற்சிக்கு நாமக்கல் பக்கம் ஒரு பட்டறையில் இருந்தேன். நாமக்கல் என்றால் லாரி, லாரி என்றால் அடிபட்ட லாரி, அடிபட்ட லாரி என்றால் கிளெய்ம். வாரத்தில் மூன்று நாளாவது ஒரு சர்வேயர் வருவார். நிலம் அளக்கும் சர்வேயர் அல்ல. இன்சூரன்ஸ் சர்வேயர், இழப்பு மதிப்பீட்டாளர். ஐம்பது வயதிருக்கும். பழைய ஸ்கூட்டர், ஒரு டார்ச், ஒரு அளவு டேப். இவ்வளவுதான் ஆயுதம்.

ஒரு நாள் முன்பக்கம் நசுங்கிய மினி லாரி. ஓனர் கூடவே நின்று "இடது பக்கக் கதவும் சேர்ந்துதான் சார் அடிபட்டது" என்று சொல்லிக் கொண்டிருந்தார். சர்வேயர் கதவுப் பள்ளத்தை நகத்தால் சுரண்டினார். பெயின்ட் உதிர்ந்த இடத்தில் துரு. "இது போன வாரம் பட்ட அடி இல்லீங்க, போன தீபாவளிக்குப் பட்ட அடி" என்றார். ஓனர் சிரித்துவிட்டார். கதவு லிஸ்டிலிருந்து போனது.

அவர் கணக்குப் போடுவதைப் பக்கத்தில் நின்று கற்றுக்கொண்டேன். சாதாரண மோட்டார் பாலிசியில் பம்பர் போன்ற பிளாஸ்டிக், ரப்பர் பாகங்கள், டயர், பேட்டரி இவற்றுக்கு 50 சதவீதம் தேய்மானம் கழிக்க வேண்டும். ஃபைபர் கிளாஸ் பாகத்துக்கு 30. கண்ணாடிக்குத் தேய்மானமே கிடையாது. இரும்புப் பாகங்களுக்கு வண்டியின் வயதுப்படி: 6 மாதத்துக்குள் என்றால் ஒன்றுமில்லை, 10 வருடம் தாண்டினால் பாதி. நாம் பட்டறையில் 'மாத்து, மாத்து' என்று சொல்லிக்கொண்டே போகிறோம். அவர் ஒவ்வொரு பாகத்துக்கும் 'மாற்ற வேண்டுமா, தட்டிச் சரிசெய்தால் போதுமா' என்று நின்று பார்க்கிறார். இழப்பு ஒரு குறிப்பிட்ட தொகைக்கு மேல் போனால் சர்வேயர் ரிப்போர்ட் இல்லாமல் கம்பெனி பணம் தரக்கூடாது என்பது சட்டம். முன்பு அந்தத் தொகை 20,000 ரூபாய் என்று சட்டத்திலேயே இருந்தது. 2015 திருத்தத்துக்குப் பிறகு ஒழுங்குமுறை ஆணையம் நிர்ணயிக்கிறது.

"நீங்க என்ன சார் படிச்சீங்க?" என்று கேட்டேன். "நானும் உன்னை மாதிரி டிப்ளமாதான் தம்பி, ஆட்டோமொபைல்" என்றார். எனக்கு அங்கேயே மனசு விழுந்துவிட்டது. வழியையும் அவரே சொன்னார். ஏற்கெனவே லைசென்ஸ் உள்ள ஒரு சர்வேயரிடம் ஒரு வருடப் பயிற்சி, இன்சூரன்ஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் இந்தியா நடத்தும் தேர்வு, சர்வேயர்களுக்கான தொழில் அமைப்பில் உறுப்பினராவது, பிறகு ஹைதராபாத்தில் உள்ள இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையத்தின் லைசென்ஸ். கடைசியில், போகிற போக்கில், "ஃபாரத்துல கோர்ட் தண்டனை ஏதாவது உண்டான்னு ஒரு கேள்வி இருக்கும். நமக்கென்ன, இல்லைன்னு எழுதிட்டுப் போக வேண்டியதுதான்" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரை உதைத்தார்.

அன்று மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

நான் செய்தது

பத்தாவது முடித்து இரண்டு வருடம் எங்கெங்கோ எடுபிடி வேலை பார்த்துவிட்டு, 18 வயதில் ஒரு டூவீலர் ஷோரூமில் சேர்ந்தேன். (ஊரும் பெயரும் வேண்டாம். அவர்கள் மேல் ஒரு குற்றமும் இல்லை.) சர்வீஸ் பில் பணத்தை வாங்கி வைத்து மறுநாள் காலை பேங்கில் கட்டுவது என் பொறுப்பு. ஒரு முறை 18,500 ரூபாயைக் கட்டவில்லை. அக்கா கல்யாணத்துக்காக, அம்மா ஆஸ்பத்திரிச் செலவுக்காக என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். அப்படியெல்லாம் இல்லை. ஒரு பழைய பைக்குக்கு அட்வான்ஸ் கொடுத்தேன். சம்பளத்தில் கொஞ்சம் கொஞ்சமாக வைத்துவிடலாம் என்று நினைத்தேன். மாதக் கடைசியில் கணக்குப் பார்த்தபோது மாட்டிக்கொண்டேன்.

அப்பா வீட்டிலிருந்த நகையை வைத்து முழுப் பணத்தையும் திருப்பிக் கட்டினார். ஆனால் அதற்குள் புகார் பதிவாகிவிட்டது. இந்திய தண்டனைச் சட்டம் 408, அதாவது வேலைக்காரன் செய்த நம்பிக்கை மோசடி. 2019 மார்ச்சில் வழக்கு வந்தது. வக்கீல் வைக்கவில்லை. கோர்ட் வாசலில் ஒருவர், யாரென்று இன்றுவரை தெரியாது, "ஒத்துக்கோ தம்பி, ஃபைனைக் கட்டிட்டு சாயங்காலம் வீட்டுக்குப் போயிடலாம்" என்றார். ஒத்துக்கொண்டேன். கோர்ட் கலையும்வரை சிறை, 3,000 ரூபாய் அபராதம். பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டுச் சாயங்காலம் உண்மையாகவே வீட்டுக்குப் போனேன். 'இத்தோடு முடிஞ்சுது' என்று அப்பா சொன்னார். நானும் நம்பினேன்.

சட்டம் என்ன சொல்கிறது?

பட்டறையிலிருந்து வந்த அந்த வாரமே 1938-ஆம் ஆண்டின் இன்சூரன்ஸ் சட்டத்தைத் தேடி எடுத்தேன். ஏஜென்டாக யாரை நியமிக்கலாம், யாரை நியமிக்கக் கூடாது என்பது 42-ஆம் பிரிவில் இருக்கிறது. சர்வேயர் லைசென்சுக்கும் இதே தகுதிக்கேடுகளைத்தான் பார்க்கிறார்கள். ஆகவே பத்தாவது முடித்து ஏஜென்டாகப் போகிறவனுக்கும், டிப்ளமா முடித்து சர்வேயராகப் போகிறவனுக்கும் வாசற்படி ஒன்றே.

மைனர் கூடாது, சித்த சுவாதீனம் இல்லையென்று கோர்ட் சொன்னவர் கூடாது என்று வரிசையாக வந்து, 3-ஆம் உட்பிரிவின் (சி) என்ற இடத்தில் நம் விஷயம் நிற்கிறது. கையாடல், நம்பிக்கை மோசடி, ஏமாற்றுதல், போலி ஆவணம் தயாரித்தல் ஆகிய நான்கு குற்றங்கள், அவற்றுக்கு உடந்தையாக இருத்தல், அவற்றைச் செய்ய முயலுதல். இவற்றில் ஒன்றுக்காகக் கோர்ட் 'குற்றவாளி' என்று தீர்மானித்திருந்தால் தகுதிக்கேடு.

இதை முதல் தடவை படித்தபோது என் குற்றத்தின் பெயர் மட்டும்தான் கண்ணில் பட்டது. புத்தகத்தை மூடிவிட்டேன். இரண்டு நாள் கழித்து மறுபடி படித்தபோதுதான் இரண்டு விஷயம் தெரிந்தது. நண்பர்களே, இந்த இரண்டுக்காகத்தான் இந்தக் கட்டுரையே.

முதலாவது, பட்டியலில் எது இல்லை என்பது. அடிதடி இல்லை. கல்வீச்சு இல்லை. சட்டவிரோதமாகக் கூடுதல் இல்லை. குடித்துவிட்டு வண்டி ஓட்டியது இல்லை. சீட்டாட்டம் இல்லை. திருட்டுகூடப் பெயர் சொல்லிச் சேர்க்கப்படவில்லை! (ஏன் விட்டார்கள் என்று நானும் யோசித்துப் பார்த்தேன். திருடன் நம்மிடம் கேட்டுக்கொண்டு எடுப்பதில்லை. இந்த நான்கு குற்றங்களிலும் நாமே நம்பிக் கொடுக்கிறோம், அல்லது நம்பிக் கையெழுத்துப் போடுகிறோம். அதுதான் காரணமாக இருக்க வேண்டும். இது என் ஊகம்.) ஆக, பஸ் தினத்தன்று கண்ணாடி உடைத்த வழக்கில் அபராதம் கட்டியவனுக்கு இந்த (சி) தடையாக நிற்காது. கம்பெனி தன் அளவில் விசாரித்து யோசிக்கலாம், அது வேறு. சட்டத்தின் கதவு அவனுக்கு மூடப்படவில்லை.

'குற்றவாளி என்று தீர்மானித்திருந்தால்' என்பதையும் கவனியுங்கள். எஃப்.ஐ.ஆர். போட்டது மட்டும் தீர்மானம் அல்ல. சார்ஜ் ஷீட்டும் அல்ல. விடுதலையானால் அல்ல. ஆனால் 'ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டினேன், அதெல்லாம் ஒரு கேஸா' என்பது தீர்மானம்தான். நூற்றுக்கு நூறு தீர்மானம். பலர் ஏமாறும் இடம் இது.

இரண்டாவது விஷயம், அதே (சி)-யின் அடியில் ஒட்டியிருக்கும் ஒரு விலக்கு. தண்டனை முடிந்து குறைந்தது 5 ஆண்டுகள் ஆகிவிட்டால், அந்தத் தீர்ப்பு இனித் தகுதிக்கேடாகாது என்று ஆணையம் சாதாரணமாக அறிவிக்க வேண்டும் என்கிறது சட்டம். 'அறிவிக்கலாம்' அல்ல, 'அறிவிக்க வேண்டும்'. 'சாதாரணமாக' என்ற வார்த்தையில்தான் உயிர் இருக்கிறது. மறுப்பதற்கு விசேஷக் காரணம் இருந்தால் மறுக்கலாம். இல்லையென்றால் சம்மதம்தான் வழக்கம் என்று பொருள். அமெரிக்காவில் 1994-ல் வந்த கூட்டாட்சிச் சட்டம் இதைவிடக் கடுமை. நேர்மைக்கேடு, நம்பிக்கைத் துரோகம் சார்ந்த பெருங்குற்றத்தில் தண்டனை பெற்றவர் இன்சூரன்ஸ் தொழிலில் இருக்க, ஒழுங்குமுறை அதிகாரியின் எழுத்துபூர்வ சம்மதம் வேண்டும். இத்தனை வருடம் ஆனால் போதும் என்ற கணக்கு அதில் இல்லை. நம் சட்டம் எண்ணைச் சொல்லிவிடுகிறது: 5.

அந்த 5 எங்கே ஆரம்பிக்கிறது? குற்றம் செய்த நாளிலிருந்து அல்ல, தீர்ப்பு நாளிலிருந்தும் அல்ல. தண்டனை முடிந்த நாளிலிருந்து. ஆறு மாதம் சிறை என்றால் வெளியே வந்த நாள். அபராதம் பாக்கி இருந்தால் தண்டனை முடியவில்லை. அதனால் அபராத ரசீது என்பது நம் டி.சி. மாதிரி, தொலைக்கக் கூடாது. என் தண்டனை அன்று மாலையே முடிந்தது. 2024 மார்ச்சில் 5 வருடம் ஆயிற்று. நான் பட்டறையில் சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தபோது எனக்கு விலக்குக் கேட்கும் உரிமை ஏற்கெனவே வந்துவிட்டிருந்தது. தெரியாததால் அது இருந்தும் இல்லாத மாதிரிதான்.

ஒரு எச்சரிக்கை. 5 வருடம் ஆனவுடன் தடை தானாக உதிர்ந்துவிடாது. ஆணையம் 'அறிவிக்க' வேண்டும். அதற்கு நாம் கேட்க வேண்டும். 10 வருடம் ஆனாலும் அறிவிப்பு இல்லையென்றால் தகுதிக்கேடு அப்படியே நிற்கிறது. இன்னொன்று: அடுத்த (டி) பிரிவில், இன்சூரன்ஸ் தொடர்பான கோர்ட் நடவடிக்கையிலோ கம்பெனி விவகார விசாரணையிலோ மோசடி செய்ததாகவோ அதற்குத் துணை போனதாகவோ தெரியவந்தவர்களைப் பற்றிச் சொல்லியிருக்கிறது. அவர்களுக்கு இந்த 5 வருட விலக்கு கிடையாது. விலக்கு (சி)-க்கு மட்டுமே. பழைய பள்ளத்தைப் புது விபத்தில் சேர்த்துப் பில் போட உதவுகிற பட்டறைத் தம்பிகள் இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளவும்.

ஏன் இந்த நான்கு குற்றம்?

சட்டத்தைத் திட்டிக்கொண்டுதான் படிக்க ஆரம்பித்தேன். அதே சட்டத்தில் 64-வி.பி. என்று ஒரு பிரிவு. பிரீமியம் கைக்கு வராமல் கம்பெனி பொறுப்பேற்கக் கூடாது என்கிறது. ஏஜென்ட் பிரீமியம் வாங்கினால், பேங்க், தபால் விடுமுறை நீங்கலாக 24 மணி நேரத்துக்குள், தன் கமிஷனைக்கூடக் கழிக்காமல், முழுத் தொகையையும் கம்பெனியில் சேர்க்க வேண்டும். 24 மணி நேரம்! எனக்குச் சுருக்கென்றது. மறுநாள் காலை பேங்கில் கட்ட வேண்டியதைக் கட்டாதவன் அல்லவா நான்.

கட்டாமல் வைத்திருந்தால் என்ன ஆகும் என்பதற்கு 1997-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ஒரு எல்.ஐ.சி. வழக்கு இருக்கிறது. ஒருவருக்கு 25,000 ரூபாய் வீதம் நான்கு பாலிசிகள். 1987 மார்ச்சில் கட்ட வேண்டிய தவணை தவறிவிட்டது. ஜூன் 4-ஆம் தேதி ஏஜென்ட் அவரிடம் செக் வாங்கினார், மறுநாள் அதைப் பணமாக்கினார். கழகத்தில் கட்டியது ஆகஸ்ட் 10. பாலிசிதாரர் விபத்தில் இறந்தது ஆகஸ்ட் 9. ஒரே ஒரு நாள்! பிரீமியம் வசூலிக்க ஏஜென்டுக்கு அதிகாரம் கிடையாது, ஆகவே அவரிடம் கொடுத்தது கழகத்திடம் கொடுத்ததாகாது என்று தீர்ப்பு. பணம் கொடுத்துவிட்டோம் என்று நம்பி இருந்த குடும்பத்துக்கு அந்தப் பாலிசிகள் உதவவில்லை.

அந்த ஏஜென்ட் என்ன நினைத்து இரண்டு மாதம் பணத்தைக் கையில் வைத்திருந்தார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் 'அடுத்த வாரம் கட்டிடலாம்' என்று நினைப்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஷோரூமில் நான் வைத்திருந்தது 18,500 ரூபாய். ஓனருக்கு நஷ்டம், அவ்வளவுதான், அதுவும் திரும்பிவிட்டது. அதே வேலையை ஒரு இன்சூரன்ஸ் ஏஜென்டாக நான் செய்திருந்தால்? இந்தக் கேள்விக்குப் பிறகு சட்டத்தைத் திட்டுவதை நிறுத்திக்கொண்டேன். 5 வருடம் நில் என்று என்னிடம் சொன்னது நியாயம்தான்.

திறந்திருந்த கதவுகள்

இனி வருவது என்னைவிட இளையவர்களுக்கு. வட்டச் சட்டப் பணிகள் குழுவில் ஒரு வக்கீல் அம்மாவைப் பார்த்தேன். காசு வாங்கவில்லை. என் தீர்ப்பைப் படித்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி: "பணத்தைத்தான் திருப்பிக் கொடுத்துட்டீங்களே, ஏன் ராஜி மனு போடலை?" 408 என்பது கோர்ட் அனுமதியோடு புகார்தாரர் ராஜியாகக் கூடிய குற்றமாம். ராஜியானால் சட்டப்படி விடுதலைக்குச் சமம். ஷோரூம் ஓனர் அப்போதே "பையன் பொழைச்சுப் போகட்டும்" என்றுதான் சொல்லிக் கொண்டிருந்தார். யாரும் அவரைக் கேட்கவில்லை.

இரண்டாவது கேள்வி: "அப்ப உங்க வயசு என்ன?" 19 என்றேன். "நன்னடத்தைச் சட்டம்னு ஒண்ணு இருக்கே தம்பி." 1958-ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம். ஆயுள் தண்டனை, மரண தண்டனைக்குரிய குற்றமாக இல்லாவிட்டால், தண்டனை கொடுக்காமல் நன்னடத்தைப் பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு கோர்ட் விடுவிக்கலாம் (4-ஆம் பிரிவு). 21 வயதுக்குக் கீழே என்றால் சிறைத்தண்டனையை முடிந்தவரை தவிர்க்க வேண்டும், தவிர்க்க முடியாவிட்டால் காரணம் எழுத வேண்டும் (6-ஆம் பிரிவு). எல்லாவற்றுக்கும் மேலே 12-ஆம் பிரிவு: இப்படி விடுவிக்கப்பட்டவருக்கு, வேறு எந்தச் சட்டத்தில் என்ன சொல்லியிருந்தாலும், தீர்ப்பினால் வரும் தகுதிக்கேடு கிடையாது. பத்திரத்தை மீறிப் பின்னால் அதே குற்றத்துக்குத் தண்டனை வாங்கினால் மட்டும் இந்தப் பாதுகாப்பு போய்விடும். அன்றைக்கு ஒரு வக்கீல் எழுந்து நின்று இந்த ஒரு சட்டத்தின் பெயரைச் சொல்லியிருந்தால் எனக்கு 5 வருடக் கணக்கே தேவைப்பட்டிருக்காது.

"இப்ப அப்பீல் போகலாமா மேடம்?" என்றேன். ஒத்துக்கொண்டு வாங்கிய தீர்ப்பில், தண்டனையின் அளவையும் சட்டப்படியான தன்மையையும் பற்றித்தான் அப்பீல் போகலாமே தவிர, குற்றமே செய்யவில்லை என்று போக முடியாதாம். மத்தியானம் வீட்டுக்குப் போகும் அவசரத்தின் விலை அது. 18 வயதுக்குள் நடந்து சிறார் நீதிச் சட்டப்படி முடிந்த வழக்கு என்றால் அந்தச் சட்டமே தகுதிக்கேட்டை நீக்கிவிடுகிறது. கடுமையான குற்றத்துக்காகப் பெரியவர்களைப் போல விசாரிக்கப்பட்ட 16 வயது தாண்டியவர்களுக்கு மட்டும் விதிவிலக்கு.

பிரிவு எண்களைப் பற்றி ஒரு வார்த்தை. 2024 ஜூலை 1 முதல் புதிய பாரதிய நியாய சன்ஹிதா. கையாடல் 314, நம்பிக்கை மோசடி 316, ஏமாற்றுதல் 318, போலி ஆவணம் 336. தீர்ப்பு நகலில் பழைய எண் இருந்தாலும் புது எண் இருந்தாலும் குற்றத்தின் பெயரைத்தான் பார்க்க வேண்டும்.

'இல்லை' என்று எழுதினால் என்ன?

ஹாஸ்டலில் இதைச் சொன்னபோது ஒரு தம்பி உடனே கேட்டான்: "அண்ணா, இத்தனை கஷ்டம் எதுக்கு? இல்லைன்னு எழுதிடுங்க. யாருக்குத் தெரியப் போகுது?" இப்போது வழக்கு விவரங்கள் கம்ப்யூட்டரில் இருக்கின்றன, பெயரையும் வருடத்தையும் போட்டுத் தேடலாம். அதை விடுங்கள். அபராதக் கணக்கைப் பாருங்கள். 2015 திருத்தத்தின்படி, தகுதியில்லாமல் ஏஜென்டாக வேலை செய்தவருக்கு அபராதம் 10 ஆயிரம் ரூபாய் வரை. அவரை நியமித்த கம்பெனிக்கு 1 கோடி ரூபாய் வரை! நம் பொய்க்கு நம்மை நம்பியவர் தலையில் விழும் சுமை அது. தெரிந்த அன்றே கழற்றிவிடுவார்கள். யாரை நொந்து என்ன?

அரசு வேலை விண்ணப்பங்களில் வழக்கை மறைத்தவர்களைப் பற்றி உச்ச நீதிமன்றம் பலமுறை தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. 2011-ல் டெல்லி போலீஸ் வேலைக்கு விண்ணப்பித்த ஒரு இளைஞர் வழக்கில், இளவயதுத் தவறுக்காக ஆயுள் முழுக்க முத்திரை குத்தக்கூடாது என்ற கருத்தில் தீர்ப்பளித்தார்கள். அதில் விக்டர் ஹ்யூகோ கதையில் ரொட்டி திருடி மாட்டிக்கொண்டவனை உதாரணம் காட்டியிருக்கிறார்கள். (நம் தாத்தாக்கள் 1950-ல் 'ஏழை படும் பாடு' என்று பார்த்த படத்தின் மூலக்கதை அதுதான்.) 2016-ல் மூன்று நீதிபதிகள் அமர்ந்து விதிகளைத் தொகுத்தார்கள். கேட்ட தகவலை உண்மையாகத் தர வேண்டும். சின்னக் குற்றமாக இருந்தால் வேலை கொடுப்பவர் மன்னிக்கலாம். உண்மையைச் சொன்ன பிறகும் யோசிக்க அவருக்கு உரிமை உண்டு. இவை அரசு வேலைக்கான தீர்ப்புகள், லைசென்சுக்கானவை அல்ல. ஆனால் படித்த பிறகு எனக்கு ஒன்று தெளிவாயிற்று. பழைய குற்றத்துக்கு விலக்கு இருக்கிறது. இன்று 'இல்லை' என்று எழுதினால் அது புதுக் குற்றம். அதற்கு 5 வருடம் மறுபடி முதலிலிருந்து.

நான் அனுப்பிய கவர்

முதலில் தீர்ப்பின் சான்றிட்ட நகல். கோர்ட்டில் நகல் மனு போட்டு வாங்கினேன். மூன்று தடவை அலைந்தேன். அபராத ரசீது அப்பாவின் டிரங்குப் பெட்டியில் ரேஷன் கார்டு உறைக்குள் இருந்தது. அப்பா அதை ஏன் பத்திரப்படுத்தினார் என்று கேட்டேன். "பணம் கட்டின சீட்டைத் தூக்கிப் போடுவாங்களாடா?" என்றார். ஷோரூம் ஓனரிடம் பணம் முழுதும் வந்துவிட்டது என்று ஒரு கடிதம் கேட்கப் போனேன். வாசலில் இருபது நிமிடம் நின்றேன், உள்ளே போகத் தைரியம் இல்லை. அவரே பார்த்துவிட்டுக் கூப்பிட்டார். டீ வாங்கிக் கொடுத்தார். லெட்டர் பேடில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

கடினமானது நன்னடத்தைச் சான்று. அதற்கு எச்.ஓ.டி. சாரிடம் முழுக் கதையையும் சொல்ல வேண்டியிருந்தது. சொல்லி முடித்ததும் அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ரெண்டு வருஷமா நம்ம டிபார்ட்மென்ட் அசோசியேஷன் பணத்தை யாருடா வச்சிருக்கா?" என்று கேட்டார். "நான்தான் சார்" என்றேன். "கணக்கு?" "சரியா இருக்கு சார்." "அதையே எழுதித் தர்றேன் போ" என்றார். அந்தச் சான்றிதழில் வழக்கமான அச்சு வாசகத்துக்குக் கீழே அவர் கையால் எழுதிய நான்கு வரி இருக்கிறது.

இவற்றோடு வெள்ளைத்தாளில் ஒன்றரைப் பக்க மனு. என்ன குற்றம், எந்தப் பிரிவு, எந்தத் தேதியில் தண்டனை முடிந்தது, 42-ஆம் பிரிவின் எந்த விலக்கின் கீழ் அறிவிப்புக் கேட்கிறேன் என்பது மட்டும். கண்ணீர்க் கதை வேண்டாம் என்று வக்கீல் அம்மா அடித்துவிட்டார். முதலில் நான் எழுதியது ஏழு பக்கம்! இன்னொன்றும் சொன்னார். சட்டத்தைத் திருத்திக்கொண்டே இருப்பார்கள்; ஆகவே அனுப்பும் வாரத்திலேயே 'இந்தியா கோட்' தளத்தில் 42-ஆம் பிரிவை ஒருமுறை எடுத்துப் படித்துக்கொள்ள வேண்டும். ஏஜென்டாகப் போகிறவர்களுக்குக் கூடுதலாக ஒன்று: நியமிக்க மறுத்தால் கம்பெனி காரணத்தை எழுத்தில் தர வேண்டும், அதன்மேல் அந்தக் கம்பெனியிலேயே மேல்முறையீடு உண்டு. வாய்மொழியாக "முடியாதுப்பா" என்றால் எழுதிக் கேளுங்கள்.

கவரை ஸ்பீட் போஸ்டில் ஹைதராபாத்துக்கு அனுப்பி, மலர் அச்சுக்குப் போகும் இன்றோடு 41 நாள். போய்ச் சேர்ந்துவிட்டது என்று தபால் துறைத் தளம் காட்டுகிறது. பதில் இன்னும் வரவில்லை. நாமக்கல் சர்வேயர் சாரிடமும் போனில் எல்லாவற்றையும் சொன்னேன். "முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா? சரி, பரீட்சை முடிஞ்சதும் வா, டேப் பிடிக்க ஆள் இல்லை" என்றார்.

மனுவின் நகல், 42-ஆம் பிரிவின் நகல், நன்னடத்தைச் சட்டத்தின் நகல் மூன்றையும் நூலகத்தில், பழைய வினாத்தாள் கட்டு இருக்கும் அலமாரியின் கீழ்த்தட்டில் ஒரு நீலக் கோப்பில் வைத்திருக்கிறேன். நூலகர் சாரிடம் சொல்லியாயிற்று. ரெஜிஸ்டரில் பெயர் எழுதாமலே எடுத்துப் பார்க்கலாம். ஹைதராபாத்திலிருந்து எந்தப் பதில் வந்தாலும் அதன் நகலும் அதே கோப்பில் சேரும்.